குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறோம். ஆசிரியையின் அட்டையை யார் கேட்பது?

மழலைத்தோட்டம் (மார்த்தாண்டம்) எழுதியது:

மார்த்தாண்டத்துக்கு அருகே சிறிய மழலையர் பள்ளி ஒன்றைப் பதினொரு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரை 42 குழந்தைகள் வருகிறார்கள். நான்கு ஆசிரியைகள், இரண்டு ஆயாக்கள், ஒரு சமையல் அம்மா, வேன் ஓட்டுநர் ஒருவர் ஆகியோர் வேலை பார்க்கிறார்கள். சேர்க்கையின்போது தடுப்பூசி அட்டையின் நகலை வாங்காமல் நான் எந்தக் குழந்தையையும் சேர்ப்பதில்லை. அதை ஒரு பெருமையாகவே இத்தனை நாள் சொல்லி வந்தேன்.

கடந்த பங்குனியில் எங்கள் ஆசிரியை ஒருவர் காய்ச்சல் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு விடுப்பு எடுத்தார். நான்கு நாள் கழித்துத்தான் அவர் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பதை ஆயா பார்த்துவிட்டு வந்து சொன்னார். அம்மை போட்டிருக்கும் வீட்டைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று அவருடைய மாமியார் தடுத்திருக்கிறார். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, மூன்று குழந்தைகளின் வயிற்றிலும் முதுகிலும் நீர்க்கொப்புளங்களைப் பார்த்தோம். அந்த வாரம் முடிவதற்குள் ஒன்பது பேர் ஆனார்கள்.

மற்றோர் ஆசிரியை அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. தமக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்பது அவருக்கு நினைவில்லை. சொல்வதற்கு அவருடைய தாயாரும் இன்று இல்லை. அன்று இரவு அவருடைய கணவர் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, உள்ளே வரவும் மறுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளைகளுக்கு அட்டை கேக்கிய, கூட வேலை செய்யியவங்களுக்கு என்ன கேட்டிய?" இரத்தப் பரிசோதனையில் அந்த ஆசிரியைக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருப்பது தெரிந்து எல்லோரும் மூச்சு விட்டோம். கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

எனவே இங்கு கேட்கிறேன். சிறு குழந்தைகளோடு வேலை செய்யும் பெரியவர்களுக்கு என்னென்ன தடுப்பூசிகள் தேவை? அதை நான் பணி நிபந்தனையாக வைக்கலாமா? செலவை யார் ஏற்பது முறை?


புதன்கிழமை டீச்சர் (குளச்சல் பக்கம்) எழுதியது:

நான் அங்கன்வாடிப் பணியாளர். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். செவிலியர் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் மையத்துக்கு வருவார். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்ற பட்டியல் என்னிடம் இருக்கும். உதவியாளர் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களை அழைத்து வருவார். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைப்பதும், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவதும் எங்கள் வேலை. இருபத்திரண்டு ஆண்டுப் புதன்கிழமைகளில் "டீச்சர், உங்களுக்குப் போட்டாச்சா?" என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரே ஒரு முறை எண்ணினார்கள். 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, மருத்துவப் பணியாளர்களோடு அங்கன்வாடிப் பணியாளர்களையும் முதல் வரிசையில் சேர்த்தார்கள். நோயாளியைத் தொடுகிறவர்களோடு எங்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று அன்று தோன்றியது, மற்ற நோய்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

எங்கள் உதவியாளருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மஞ்சள் காமாலை வந்தது. கழிப்பறைக்குப் போய் வந்த பிள்ளைகளைக் கழுவி விடுவது அவர்தான். உணவு பரிமாறுவதும் அவர்தான். சோப்பு தீர்ந்தால் எங்கள் கைக்காசில் வாங்கி வைப்போம். நாற்பது நாள் படுத்துவிட்டார். அந்த நாற்பது நாளும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்ததாகச் சொன்னார். பத்தியத்தில் உடம்பு பாதியாகிவிட்டது. பிள்ளைகள் ஒருவருக்கும் கண் மஞ்சளாகவில்லை, ஆகையால் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை.


ஓய்வு பெற்ற செவிலியர் (திருவட்டார்) எழுதியது:

குளச்சல் சகோதரியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. ஹெபடைடிஸ் ஏ என்னும் அந்தக் காமாலை ஐந்து, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது. கொஞ்சம் வயிற்றுப்போக்கு, கொஞ்சம் சோர்வு என்று கடந்து போய்விடும். அதே கிருமி பெரியவர்களைப் படுக்கையில் போடும். கழுவி விடுகிற கைக்கு வந்த நோய் அது.

நான் கிராம சுகாதார செவிலியராக முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவள். உங்கள் பள்ளியில் யாருக்கு எது பாக்கி என்று கண்டுபிடிக்க முதலில் பிறந்த ஆண்டைக் கேளுங்கள், மக்களே. அட்டை கேட்டால் யாரும் தர மாட்டார்கள். எங்கே போயிற்று என்று அவர்களுக்கே தெரியாது.

அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி சேர்ந்தது 1985இல். அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குத் தட்டம்மை, அதாவது நம் ஊர்க்காரர்கள் மணல்வாரி என்பது, சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். 1985க்குப் பின் பிறந்தவர்களுக்கு ஒன்பதாம் மாதத்தில் ஒரே ஒரு தவணை போட்டோம். இரண்டாம் தவணை திட்டத்துக்குள் வந்தது 2010இல்தான். சிவப்புத் தடிப்பு வரும் ருபெல்லா நோய்க்கான ஊசி அதற்கும் பிந்தியது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளி பள்ளியாகப் போய் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தட்டம்மை ருபெல்லா ஊசி போட்டோமே, அந்த முகாமில் நானும் இருந்தேன். வதந்தி பரவிப் பெற்றோர் சிலர் பிள்ளையை அன்று மட்டும் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்ததும், வகுப்பாசிரியை தம் சொந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்திப் போடச் சொன்னதும் கண்ணில் நிற்கிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். அந்த முகாமில் பதினைந்து வயதைத் தாண்டியிருந்தவர்கள், அதாவது 1985க்கும் 2002க்கும் இடையில் பிறந்தவர்கள், தனியாரிடம் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி) போட்டிருந்தாலொழிய, தட்டம்மைக்கு ஒரு தவணையோடும் ருபெல்லாவுக்கு ஒன்றுமில்லாமலும் நிற்கிறார்கள். உங்கள் ஆசிரியைகளின் வயது என்ன? மழலையர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண்கள் பெரும்பாலும் அந்தப் பதினேழு ஆண்டுக்குள்தான் பிறந்திருப்பார்கள். கல்யாணம், பிரசவம் எல்லாம் நடக்கிற வயதும் அதுதான். முகாமில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தந்த ஆசிரியைக்கு ஊசி கிடையாது, அவர் வயது கடந்துவிட்டது என்று அன்று எழுதிக்கொண்டு வந்தோம். சட்டப்படி அது சரிதான்.

இன்னொன்று: டி.டி. ஊசி. காயம் பட்டால் போடுகிற பழைய ஊசி ரணஜன்னிக்கு மட்டும். இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தருவது. பத்தாண்டுக்கு ஒரு முறை போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், பெண்கள் "கடைசிப் பிரசவத்தில்" என்பார்கள். ஆண்கள் ஆணி குத்திய கதையைச் சொல்வார்கள். வேன் ஓட்டுநரை விட்டுவிடாதீர்கள்.


இரு பிள்ளைகளின் தந்தை (நாகர்கோவில்) எழுதியது:

மதிப்புக்குரியவர்கள் மன்னிக்க வேண்டும். இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. நோய் வந்தவரை வீட்டில் இருக்கச் சொன்னால் போதாதா? மேற்படி ஆசிரியை மறைக்காமல் முதல் நாளே சொல்லியிருந்தால் ஒன்பது குழந்தைகளுக்கும் வந்திருக்காது அல்லவா?


குழந்தை நல மருத்துவர் (நாகர்கோவில்) எழுதியது:

அந்த ஆசிரியை முதல் நாளே சொல்லியிருந்தாலும் பெரும்பகுதி நடந்தே இருக்கும். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவுகிறது. தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவுகிறது. அந்த நாட்களில் அவருக்கு லேசான காய்ச்சலும் மூக்கொழுகலும்தான் இருந்திருக்கும். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருப்பார், குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிட்டிருப்பார். விடுப்பு தேவைதான், சின்னம்மையில் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கி ஐந்து நாள்வரை வரக் கூடாது. ஆனால் விடுப்பு என்பது பரவிய பின் பூட்டும் பூட்டு.

நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் சின்னம்மை குளிர்நாடுகளைவிடச் சற்று வளர்ந்த வயதில் வருவது வழக்கம். எனவே இருபத்தைந்து, முப்பது வயதிலும் அம்மையே வராத பெரியவர்கள் இங்கு கணிசமாக இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு வந்தால் குழந்தைகளுக்கு வருவதைவிடக் கடுமை. கர்ப்பிணிக்கு நிமோனியா வரலாம். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் வந்தால் பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ருபெல்லா அதற்கு நேர்மாறான குணம் கொண்டது: தாய்க்கு இரண்டு நாள் சிவப்புத் தடிப்பு, அவ்வளவுதான், ஆனால் முதல் மூன்று மாதத்தில் தாக்கினால் கருவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுத்துவிடுகிறது. என்னிடம் பிறவிக் கண்புரையோடு வருகிற ஒவ்வொரு பச்சைக்குழந்தைக்கும் நான் முதலில் எழுதுகிற பரிசோதனைகளில் அது ஒன்று.

மழலையர் பள்ளி, அங்கன்வாடி, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது இது. எம்.எம்.ஆர். இரண்டு தவணை, 28 நாள் இடைவெளியில். முன்பு போட்டது உறுதியாகத் தெரியாவிட்டால் போட்டுவிடலாம், எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்குக் கூடுதலாக ஒரு தவணை போவதால் தீங்கில்லை. அரசுத் திட்டத்தில் உள்ள ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான பகுதி கிடையாது. 2024இல் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் அந்த நோய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வந்ததையும், களியக்காவிளையைத் தாண்டி இரு பக்கமும் தினமும் போய்வரும் குடும்பங்கள் நம்மிடம் எத்தனை என்பதையும் நினைத்துப் பார்த்தால், பெரியவர்களுக்கு எம்.எம்.ஆர். போடுவதே பொருத்தம். சின்னம்மை வராதவர்களுக்கு அதற்கான ஊசி இரண்டு தவணை. கழிப்பறை வேலையும் சமையலும் செய்பவர்களுக்கு ஹெபடைடிஸ் ஏ. ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சா.

கக்குவான் இருமலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவருக்கு அது வெறும் விடாத இருமல். "தூசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று இரண்டு மாதம் இருமிக்கொண்டே வேலை செய்வார். குழந்தைக்கு முதல் ஊசியே ஆறாவது வாரத்தில்தான் விழுகிறது. அதற்குள் அந்த இருமல் தொற்றினால் பச்சைக்குழந்தை இருமக்கூடத் தெம்பில்லாமல் மூச்சை நிறுத்திவிடும். செவிலியர் அம்மா குறிப்பிட்ட பத்தாண்டு ஊசியில் கக்குவானுக்கான பகுதி இல்லை. அதையும் சேர்த்த ஊசி தனியாரிடம் கிடைக்கிறது. வாழ்நாளில் ஒரு முறையாவது பத்தாண்டு ஊசிக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொள்வது நல்லது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் முந்திரி ஆலைகளை ஒட்டிக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இதுவே முதல் ஊசியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எம்.எம்.ஆர். ஊசியும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆனவை. கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. போட்டபின் குறைந்தது ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்குத் தடையில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரை ஊசியால் தீர்க்க நினைக்க வேண்டாம். சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காசநோய்க்குப் பெரியவர் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி என்று ஒன்றும் இல்லை.


வழக்கறிஞர் (தக்கலை) எழுதியது:

நிபந்தனையாக வைக்கலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கட்டாயம் என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திருவிதாங்கூரில் 1879இல் வெளியான அரச ஆணை, அரசு ஊழியர், சிறைக்கைதிகள், மாணவர் ஆகியோர் பெரியம்மையைத் தடுக்க அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. அன்று கல்குளமும் விளவங்கோடும் அந்த ஆட்சிக்குள்தான் இருந்தன. ஊழியரையும் மாணவரையும் ஒரே வரியில் வைத்த ஆணை அது. நாம் இன்று மாணவரை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஆனால் 1879இன் குடிமகனுக்கு அரசமைப்புச் சட்டம் இல்லை. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், கொரோனா தடுப்பூசி வழக்கில், ஒருவர் உடம்பின் மீது அவருக்குள்ள உரிமை, வாழ்வுரிமை பற்றிய 21ஆம் பிரிவுக்குள் அடங்கும், எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று கூறியது. அதே தீர்ப்பில், பொதுநலனுக்காக அரசு தனிமனிதர் மீது கட்டுப்பாடுகள் விதிக்கலாம், அவை ஆபத்தின் அளவுக்குப் பொருந்துவனவாக இருக்கின்றனவா என்பதை நீதிமன்றம் பார்க்கும் என்றும் கூறியது. தனியார் பள்ளியின் பணி ஒப்பந்தத்துக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது என்றாலும், போகும் திசை தெரிகிறது. "ஊசி போடாவிட்டால் வேலை இல்லை" என்று நீங்கள் எழுதினால் நாளை அது என் மேசைக்கோ என் எதிர்த்தரப்பு நண்பரின் மேசைக்கோ வரும். "ஊசி இதோ இருக்கிறது, செலவு பள்ளியுடையது, வேண்டாம் என்றால் எழுதித் தாருங்கள், நோய் பரவும் நாட்களில் உங்களுக்குக் குழந்தைகளோடு அல்லாத வேலை தரப்படும்" என்று எழுதினால் வராது.

மருத்துவர் சொன்ன கர்ப்ப விஷயத்தைக் கவனிக்கவும். உயிர்க்கிருமி ஊசியைக் கட்டாயமாக்குகிற நிர்வாகி, ஒவ்வொரு பெண்ணிடமும் "கர்ப்பமாக இருக்கிறீர்களா, ஒரு மாதத்துக்குள் ஆக உத்தேசமா" என்று கேட்க வேண்டிய நிலைக்கு வருவார். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. கேட்க வேண்டியவர் மருத்துவர், கதவைச் சாத்திக்கொண்டு. பள்ளிக்கு வர வேண்டியது "போட்டாயிற்று" அல்லது "இப்போது இயலாது" என்ற ஒற்றை வரி மட்டும்.


ஓர் உதவி ஆசிரியை எழுதியது:

பெரியவர்கள் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் மழலையர் பள்ளியில் வேலை பார்ப்பவள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. எனக்கு அம்மை வந்தபோது பதினான்கு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். அந்த அம்மை எங்கள் வகுப்புப் பிள்ளையிடமிருந்துதான் எனக்கு வந்தது, அதை அவர்களும் அறிவார்கள். மார்த்தாண்டத்து ஆசிரியை காய்ச்சல் என்று சொன்னது மாமியாருக்காக மட்டும் இருக்காது. காய்ச்சல் என்றால் மூன்று நாள் பிடித்தம், அம்மை என்றால் அரை மாதச் சம்பளம். நிர்வாகி அம்மா அவருக்குச் சம்பளம் கொடுத்தார்களா என்று யாரும் இங்கு கேட்கவில்லை.

மருத்துவர் ஐயா சொன்ன ஊசிகள் எல்லாவற்றையும் தனியாரிடம் போட்டால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். என் ஒரு மாதச் சம்பளம் அதற்குப் போதாது.


மழலைத்தோட்டம் (மார்த்தாண்டம்) எழுதியது:

கொடுக்கவில்லை. நானும் பிடித்தேன். இதைப் பொதுவில் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். போன சனிக்கிழமை அந்தத் தொகையை அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். தொற்றுநோய்க்கான விடுப்புக்கு இனிப் பிடித்தம் இல்லை என்று வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.


குழந்தை நல மருத்துவர் (நாகர்கோவில்) எழுதியது:

உதவி ஆசிரியை சொன்ன செலவுக் கணக்கு சரி. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. முதலில் எம்.எம்.ஆர்., அடுத்து அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை ஊசி. இவை இரண்டையும் ஒரே நாளில் வெவ்வேறு கையில் போடலாம், இல்லையென்றால் நான்கு வார இடைவெளி வேண்டும். பத்தாண்டு ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும், காசு இல்லை. ஹெபடைடிஸ் ஏ ஆயாக்களுக்கும் சமையலருக்கும் முதலில்.


ஓய்வு பெற்ற செவிலியர் (திருவட்டார்) எழுதியது:

எல்லோரையும் சேர்த்து ஒரே நாளில் வரச்சொல்லாதீர்கள், மக்களே. எம்.எம்.ஆர். போட்டு ஒரு வாரம் கழித்துச் சிலருக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும். நான்கு ஆசிரியைகளும் ஒரே வாரத்தில் படுத்தால் 42 பிள்ளைகளை யார் பார்ப்பது? இரண்டிரண்டு பேராகப் போகட்டும். தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்; இரண்டாம் தவணையை மறப்பதில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு கிடையாது.


புதன்கிழமை டீச்சர் (குளச்சல் பக்கம்) எழுதியது:

தனியார் பள்ளியில் ஒரு நிர்வாகி மனம் வைத்தால் நடக்கிறது. எங்களுக்கு யாரிடம் மனு கொடுப்பது என்று வழக்கறிஞர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும். குளிர்பெட்டி வாரம் தவறாமல் என் மேசை மேல்தான் இருக்கிறது.


வழக்கறிஞர் (தக்கலை) எழுதியது:

ஒரே மனுவை மாவட்டத் திட்ட அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் முகவரியிட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவராகப் போகாமல் உங்கள் வட்டாரத்தில் பத்துப் பேராவது கையெழுத்திட்டுப் போவது நல்லது. 2021இல் முதல் வரிசையில் உங்களைச் சேர்த்ததை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வரைவு நான் எழுதித் தருகிறேன், கட்டணம் இல்லை.


மழலைத்தோட்டம் (மார்த்தாண்டம்) எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். பிறந்த ஆண்டைக் கேட்டேன். செவிலியர் அம்மா சொன்னபடியே ஆசிரியைகள் நால்வரும் 1985க்கும் 2002க்கும் இடையில் இருந்தார்கள். கர்ப்பிணி ஆசிரியையைத் தவிர மூவரும் எம்.எம்.ஆர். இரண்டு தவணையும் முடித்துவிட்டார்கள். ஒருவருக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது, சம்பளம் பிடிக்கவில்லை. கர்ப்பிணி ஆசிரியைக்குப் பிரசவத்துக்குப் பின் போடலாம் என்று அவருடைய மருத்துவரே தேதி குறித்திருக்கிறார். ஓட்டுநர் மறுத்து எழுதித் தந்தார். பிறகு பத்தாண்டு ஊசியை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டதாகத் தாமாகவே வந்து சொன்னார்.

சமையல் அம்மாதான் கடைசிவரை நின்றார். அறுபதைத் தாண்டியவர். ஹெபடைடிஸ் ஏ ஊசி என்றதும் ரவிக்கையின் கையை மேலே சுருட்டி, இடது தோளுக்குக் கீழே காசு அளவில் குழிந்திருந்த இரண்டு தழும்புகளைக் காட்டினார். "டீச்சரே, எனக்குச் சின்னதிலேயே பள்ளிக்கூடத்தில அம்மை குத்தியாச்சி. இது போதாதா?" என்றார். அது பெரியம்மை என்னும் வேறு நோய்க்கு, அந்த நோய் உலகத்தை விட்டே போய்விட்டது என்றேன். தழும்பைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது பலிச்சிருக்கு" என்றார். அடுத்த புதன்கிழமை நாகர்கோவிலுக்கு ஆயாக்களோடு அவரும் வேனில் ஏறினார். வலது கையில்தான் போட வேண்டும் என்று செவிலியரிடம் சொல்லியிருக்கிறார்.